கலத்தின் படத்தைப் பாடமாக்கும் பிள்ளை ஒருமுறை கலத்தைப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் கல்விப் பக்கத்தில் தரம் 10, 11 பிள்ளைகளுக்காக வரும் விஞ்ஞான மாதிரி வினாத்தாள்களை நான் தவறாமல் வெட்டி எடுத்து வைக்கிறவள். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் சிலர் பின்னேரங்களில் என்னிடம் படிக்க வருவார்கள். அவர்களுக்கு அவை நல்ல பயிற்சி. அண்மையில் வந்த ஒரு வினாத்தாளில் தாவரக் கலத்தின் (செல்) படம் ஒன்றைப் போட்டு, அம்புக்குறியிட்ட பகுதிகளுக்குப் பெயர் கேட்டிருந்தீர்கள். எல்லாப் பிள்ளைகளும் எல்லாவற்றுக்கும் சரியாக எழுதினார்கள். கலச்சுவர், முதலுருமென்சவ்வு, கரு, புன்வெற்றிடம், இழைமணி, பச்சையவுருமணி என்று மளமளவென்று வந்தது.

சரி, இனி உண்மையான கலத்தைப் பார்ப்போம் என்று ஒரு வெங்காயத்தை வெட்டி, உள்ளே இருக்கும் ஒரு செதிலின் குழிந்த பக்கத்துத் தோலை உரித்து, ஒரு துளி அயடீன் விட்டு, என்னிடமிருக்கும் பழைய நுணுக்குக்காட்டியில் வைத்தேன். பார்ப்பதை அப்படியே வரையுங்கள் என்றேன். ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போய் இருந்தவர்களில் பாதிப்பேர் பச்சைப் பென்சிலைக் கையில் எடுத்தார்கள். வெங்காயத்தின் வெள்ளைத் தோலுக்குள், வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும் பச்சையவுருமணிகளை வரைந்தார்கள். கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகளையும், உள்ளே மடிப்பு மடிப்பாகக் கோடு போட்டு வரைந்தார்கள்.

இதை எழுதுவதற்குக் காரணம் அந்தப் பச்சைப் பென்சில்தான்.

வெங்காயக் குமிழ் வெளிச்சம் படாமல் இருக்கும் உணவுச் சேமிப்பு. அதன் தோற்கலங்களில் பச்சையவுருமணி கிடையாது. இழைமணி உண்டு, ஆனால் அது பாடசாலை நுணுக்குக்காட்டியில், விசேட சாயம் இல்லாமல் கண்ணுக்குத் தெரியாது. அதன் உள்மடிப்புகளைக் காண இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும். அன்றைக்கு அந்தக் கண்ணாடிக்குள் உண்மையில் தெரிந்தவை கொஞ்சம்தான். நீளநீளமான கலங்கள் நெருக்கமாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் தெளிவான சுவர். அயடீனில் மஞ்சள் கலந்த மண்ணிறமாகிய கரு, பெரும்பாலும் ஒரு பக்கத்துச் சுவரோடு ஒதுங்கியபடி. நடுவில் வெறுமையாகத் தெரியும் பெரிய இடம், அதுதான் புன்வெற்றிடம். கரு ஏன் ஓரத்தில் இருக்கிறது என்று கேட்டிருந்தால் புன்வெற்றிடம் எவ்வளவு பெரியது என்பது ஒரு நொடியில் விளங்கியிருக்கும். ஒருவரும் கேட்கவில்லை. ஏனென்றால் புத்தகப் படத்தில் கரு நடுவுக்குக் கிட்ட இருந்தது, அவர்களும் அதை நடுவுக்குக் கிட்டவே வரைந்துவிட்டார்கள்.

அந்தப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கண்ணிலும் ஒரு குறையும் இல்லை. தன் கண் காண்பதை நம்பி எழுதலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. விஞ்ஞானம் தொடங்குவதே அந்த இடத்தில்தான். அதை விட்டுவிட்டு மிச்சத்தை எல்லாம் படிப்பிக்கிறோம் என்பதுதான் என் மனவருத்தம்.

பாடசாலையில் இப்போது படிப்பிக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். குறுகிய பாடவேளை. வகுப்பு நிறையப் பிள்ளைகள். ஒழுங்காக வேலை செய்யும் நுணுக்குக்காட்டி ஒன்று இருந்தால் அது பெரிய விடயம். எங்கள் ஊர் ஈரப்பதனுக்கு வில்லைகளில் பூஞ்சணம் பிடிக்கும். மின்குமிழ் எரிந்துபோனால் அடுத்தது வரும்வரை கருவி அலுமாரிக்குள் இருக்கும். தவணைப் பரீட்சைக்கு முன் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும். பிறகு ரியூசனில் அதே படத்தைப் பிரதியெடுத்துக் கொடுக்கிறார்கள். பிள்ளை அதை இரண்டாம் முறை பாடமாக்குகிறது. இதில் ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் பிள்ளை ஒரு கலத்தையும் காணாமலே கலத்தைப் பற்றிய அலகை முடித்துவிடுகிறது.

யாழ்ப்பாணத்தில் யுத்தத்தால் மின்சாரமே இல்லாத 90களில் நாங்கள் என்ன செய்தோம் என்பதை இளைய ஆசிரியர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அடியில் ஆடி பூட்டிய பழைய வகை நுணுக்குக்காட்டியை யன்னல் ஓரம் கொண்டுபோய் வைத்து, வானத்து வெளிச்சத்தை ஆடியில் வாங்கிப் பார்த்தோம். (நேர் வெயிலை ஆடியில் பிடிக்கவே கூடாது, கண்ணுக்கு ஆபத்து. வெளுத்த வானம் போதும்.) அந்த வகைக் கருவி இன்றும் பல ஆய்வுகூட அலுமாரிகளில் கிடக்கும். மின்குமிழ் உள்ள புதியது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

படத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புத்தகத்தில் இருப்பது ஒரு வெட்டுமுகம். பாணின் ஒரு வெட்டுத் துண்டைப் பார்த்து முழுப் பாணும் அப்படித் தட்டையானது என்று நினைப்பதுபோல, பிள்ளைகள் கலம் தட்டையானது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நுணுக்குக்காட்டியில் குவியத்தை மெல்ல மேலும் கீழும் திருகினால் ஒரு கலத்தின் மேற்பக்கம் மங்கி அடிப்பக்கம் தெளிவது தெரியும். கலத்துக்கு ஆழம் உண்டு என்பதை வேறெப்படி விளங்கப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்தது அளவு. வெங்காயத் தோலின் ஒரு கலம் ஒரு மில்லிமீற்றரில் கால்வாசி, மூன்றிலொன்று நீளம்கூட இருக்கும். கன்னத்தின் உட்புறக் கலம் ஏறத்தாழ 0.06 மில்லிமீற்றர். செங்குருதிக் கலம் 0.007 அல்லது 0.008. பற்றீரியா 0.001, 0.002 அளவில். புரதம் உண்டாக்கும் இறைபோசோமோ 0.00003 மில்லிமீற்றரைக்கூடத் தொடாது. ஒளி நுணுக்குக்காட்டி பிரித்துக் காட்டக்கூடிய எல்லை ஏறத்தாழ 0.0002 மில்லிமீற்றர். ஆகவே எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஒளி நுணுக்குக்காட்டியிலும் இறைபோசோமைக் காண முடியாது. 1930களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்த பிறகுதான், 1950களில் அது மனிதர் கண்ணில் பட்டது. படத்திலோ கருவும் இறைபோசோமும் ஒரே தாளில், கடுகும் மாங்கொட்டையும் பக்கத்தில் வைத்த அளவுதான் வித்தியாசப்படுகின்றன.

இன்னொன்று, அந்தப் படத்தில் இருக்கும் கலம் உலகத்தில் எங்கும் இல்லை. எல்லாப் புன்னங்கங்களும் (கலத்தின் உள்ளுறுப்புகள்) ஒருமிக்க இருக்கும் கலம் படிப்பதற்காக வரைந்தது. வெங்காயக் குமிழின் கலத்தில் பச்சையவுருமணி இல்லை. மனிதரின் முதிர்ந்த செங்குருதிக் கலத்தில் கருவும் இல்லை, இழைமணியும் இல்லை. ஈரலின் ஒரு கலத்திலோ இழைமணி ஆயிரத்துக்கு மேலும் இருக்கும். முள்ளந்தண்டிலிருந்து காலின் நுனிவரை ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளும் நரம்புக்கலமும் கலம்தான். இந்த வேறுபாட்டைச் சொன்னால்தான் ஏன் இழையம், ஏன் அங்கம் என்ற அடுத்த பாடத்துக்கே பொருள் வரும்.

இனி வெங்காயத்துக்கு வருகிறேன். வெங்காயத் தோட்டங்கள் நிறைந்த உரும்பிராய், கோப்பாய், புத்தூர் பக்கம் பிறந்த பிள்ளைக்கு வெங்காயத்தைப் புதிதாக அறிமுகம் செய்யத் தேவையில்லை. பல பாடசாலைகளில் உரிப்பதற்கு வசதி என்று பம்பாய் வெங்காயத்தைத்தான் எடுக்கிறார்கள். முதல் தடவைக்கு அது சரி. ஆனால் எங்கள் தோட்டத்துச் சின்னச் சிவப்பு வெங்காயத்தில் அதைவிடப் பெரிய பாடம் இருக்கிறது. செதிலின் வெளிப்பக்கத் தோல், ஊதா கலந்த சிவப்பாக இருப்பது, அதை எடுங்கள். உள்பக்கத் தோலைப்போல இலேசாக உரியாது, சவரப் பிளேட்டால் மெல்லிய சீவல் எடுக்க வேண்டும். அதை ஆசிரியரே செய்யட்டும். அந்த நிறம் புன்வெற்றிடத்தின் சாற்றில் கரைந்திருப்பது. ஆகவே சாயம் எதுவும் வேண்டாம், அயடீனும் வேண்டாம். அயடீன் விட்டால் கலம் செத்துவிடும், எங்களுக்கு இப்போது உயிருள்ள கலம் வேண்டும்.

முதலில் வெறும் தண்ணீரில் பார்க்க விடுங்கள். நிறம் சுவர் முட்ட நிறைந்திருக்கும். பிறகு கால் கோப்பைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, கண்ணாடியின் ஒரு ஓரத்தில் ஒரு துளி விட்டு, மற்ற ஓரத்தில் வடிதாளால் உறிஞ்சுங்கள். சில நிமிடங்களில் நிறம் சுவரை விட்டு விலகி நடுவே சுருங்கும். சுவர் இருந்த இடத்தில் இருக்கும், உள்ளே உள்ளது மட்டும் சுருங்கும். சுவரும் அதன் உள்ளே இருக்கும் மென்சவ்வும் இரண்டு வேறு பொருள்கள் என்பதைப் பிள்ளை அப்போதுதான் நம்பும். அதுவரை படத்தில் அவை பக்கத்துப் பக்கத்தில் போட்ட இரண்டு கோடுகள்தானே. அதிக நேரம் விடாமல் மறுபடி நல்ல தண்ணீரை ஓடவிட்டால் நிறம் திரும்ப விரிந்து சுவரைத் தொடும். பிரசாரணம் (மென்சவ்வினூடு நீர் நகர்வது), முதலுருச்சுருக்கம் (நீர் இழந்த கலத்தின் உள்ளடக்கம் சுவரை விட்டுச் சுருங்குவது) என்ற வரைவிலக்கணங்களை இதற்குப் பிறகு எழுதுங்கள், மறக்கவே மாட்டார்கள்.

அந்த இடத்தில் என்னிடம் படித்த தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ரீச்சர், அப்ப எங்கட கிணத்துத் தண்ணி உவராப் போனா பயிருக்கும் இப்பிடித்தானோ?" ஓம், இப்படித்தான். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் கடல்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உவர்நீர் ஏறுகிறது. மண்ணீரில் உப்புக் கூடக்கூட வேரின் கலங்களால் நீரை உறிஞ்ச முடியாமல் போகும். அளவு மிஞ்சினால் உள்ளே இருக்கும் நீரும் வெளியேறும். காலில் தண்ணீர் நிற்க நிற்கப் பயிர் வாடுவதை அப்பாவின் தோட்டத்தில் கண்ட பிள்ளைக்கு, அதன் காரணம் ஒரு துளி உப்புநீரில் கண்முன்னே நடக்கிறது. கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் ஏன் உப்புப் போடுகிறோம் என்பதும் இதனோடு வந்துவிடும். பழுதாக்கும் நுண்ணுயிர்களுக்கும் நீர் வேண்டும், உப்பு அந்த நீரை வெளியே இழுத்துவிடும்.

அதே வெங்காயத்தின் தாளை எடுத்து ஒரு மெல்லிய சீவல் பார்த்தால் உள்ளே பச்சையவுருமணி நிறைந்த கலங்கள். ஒரே பூடு, எல்லாக் கலத்திலும் ஒரே பரம்பரை அலகுகள், ஆனால் குமிழில் ஒரு வகைக் கலம், தாளில் வேறொரு வகை. வெங்காயக் குமிழை அதன் அடிப்பக்கம் மட்டும் தண்ணீரில் படும்படி ஒரு குவளையின் வாயில் வைத்தால் சில நாட்களில் வேர் இறங்கும். அந்த வேரின் நுனியில்தான் கலப்பிரிவு வேகமாக நடக்கிறது. அமிலத்தில் மென்மையாக்கி, சாயமூட்டி, நசுக்கிப் பார்க்கும் வேலை உயர்தரப் பிள்ளைகளுக்கு உரியது. ஆனால் அவர்கள் செய்து வைத்த வழுக்கியை (பொருளை வைத்துப் பார்க்கும் கண்ணாடித் தகடு) தரம் 10 பிள்ளைக்குக் காட்டுவதில் என்ன கஷ்டம்? பரம்பரை அலகுகளைத் தாங்கும் நிறமூர்த்தம் வெங்காயத்துக்கு 16 மட்டுமே, மனிதருக்கு 46. ஆனால் ஒரு கலத்திலுள்ள டி.என்.ஏ.யின் அளவில் வெங்காயம் மனிதரைவிட ஏறத்தாழ 5 மடங்கு. எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் பெரியது, அதனால்தான் உலகெங்கும் கலப்பிரிவைக் காட்ட வெங்காய வேரைத் தேடுகிறார்கள். அது எங்கள் வீட்டுக் குசினியில் தொங்குகிறது.

வேறு பொருள்களும் தாராளமாக உண்டு. உருளைக்கிழங்கைச் சுரண்டி அயடீன் விட்டால் மாப்பொருள் மணிகள் கருநீலமாகும். வெங்காயம் ஏன் அப்படி நீலமாகவில்லை என்று பிள்ளைகளிடமே கேட்கலாம். அப்பமாப் புளிக்கவைக்கும் கள்ளில் ஒரு துளி எடுத்தால் மதுவம் (ஈஸ்ட்) அரும்பிப் பெருகுவது தெரியும். மீன்தொட்டிக்குப் போடும் ஐதரில்லாவின் ஒரு இலையை அப்படியே தண்ணீரில் வைத்து, நடுநரம்புக்குக் கிட்டப் பொறுமையாகப் பார்த்தால், பச்சையவுருமணிகள் கலத்துக்குள் வரிசையாகச் சுற்றி ஓடும். கலம் உயிரோடிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி! இளநீரையும் சொல்ல வேண்டும். தேங்காய் இளசாக இருக்கும் காலத்தில் அந்த நீர் சுவர்களால் பிரிக்கப்படாத வித்தகவிழையம் (வித்துக்குள் முளைக்கான உணவு), அதில் கருக்கள் சுயாதீனமாக மிதக்கின்றன. பிறகு ஓரத்திலிருந்து சுவர்கள் உண்டாகிக் கலங்களாகி, வழுக்கலாகி, தேங்காயாகிறது. கரு பெருகியும் கலம் பிரியாமல் இருக்கலாம் என்பதற்கு நாங்கள் வெயிலில் குடிக்கும் இளநீரே உதாரணம்.

வரலாற்றுப் பகுதியைப் பிள்ளைகள் ஆண்டுகளாக மட்டும் பாடமாக்குகிறார்கள். 1665இல் றொபேட் ஹூக் தக்கையின் சீவலில் கண்டது செத்த சுவர்களையும் வெற்று அறைகளையும்தான். கருவுக்குப் பெயர் வைத்தவர் றொபேட் பிறவுண், 1831இல். தாவரங்கள் எல்லாம் கலங்களால் ஆனவை என்று 1838இல் சிலெய்டனும், விலங்குகளும் அப்படியே என்று 1839இல் சுவானும் சொன்னார்கள். கலத்திலிருந்தே கலம் தோன்றுகிறது என்று வேர்ச்சோ 1855இல் எழுதியபோது, அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் இங்கே மானிப்பாயில் வைத்தியம் பார்த்தும் படிப்பித்தும் கொண்டிருந்தார். பிற்காலத்தில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர் அவர். வெற்று அறையிலிருந்து கலக் கொள்கைக்கு வர உலகத்துக்கு 170 வருடங்களுக்கு மேல் பிடித்தது. இவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் லேவன்ஹூக். ஒல்லாந்தின் டெல்ப்ற் நகரத்துப் புடைவை வியாபாரி. பல்கலைக்கழகம் போனவர் இல்லை. தானே தீட்டிய ஒற்றை வில்லையால் ஏரி நீரையும் தன் பல்லழுக்கையும் பார்த்து, கண்டதைக் கண்டபடி தன் தாய்மொழியில் லண்டன் றோயல் சொசைற்றி என்ற விஞ்ஞானச் சங்கத்துக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். 1680இல் அவர்கள் அவரைத் தங்கள் உறுப்பினராக்கினார்கள்.

இன்று ஒற்றை வில்லைக் கருவி இன்னும் மலிவாக வந்துவிட்டது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் அவரது குழுவினரும் காகிதத்தை மடித்துச் செய்யும் நுணுக்குக்காட்டி ஒன்றை 2014இல் அறிமுகப்படுத்தினார்கள். ஏறத்தாழ 140 மடங்கு பெருப்பிக்கும், கைத்தொலைபேசியோடு பொருத்திப் படமும் எடுக்கலாம். வெங்காயக் கலத்துக்கு அது தாராளம்.

வெளிநாடுகளில் இருக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருந்து நீங்கள் கட்டித் தந்த மண்டபங்களுக்கும் வகுப்பறைகளுக்கும் நன்றி. அடுத்த முறை அனுப்பும்போது விஞ்ஞான ஆசிரியரை நேரே கேளுங்கள். வழுக்கிகள், மேலே மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டுகள், மெதிலீன் நீலச் சாயம், உதிரி மின்குமிழ், வில்லை துடைக்கும் தாள், பூஞ்சணம் பிடிக்காமல் பெட்டிக்குள் வைக்கும் சிலிக்காப் பொதிகள். இவற்றில் பெயர்ப்பலகை மாட்ட இடமில்லை, செலவும் ஒரு நுழைவாயில் கட்டும் செலவில் சிறு பங்குதான். ஆனால் இவை இல்லாமல்தான் நல்ல கருவிகள் அலுமாரிக்குள் கிடக்கின்றன.

பெற்றோருக்கு: செய்முறை எல்லாம் உயர்தரத்துக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லாதீர்கள். உயிரியல் பிரிவுக்குப் போகாத பிள்ளைக்குச் சாதாரண தரம்தான் கடைசி வாய்ப்பு. தோட்டம் செய்யப்போகிற பிள்ளையும் கணக்காளராகப்போகிற பிள்ளையும் கலத்தைக் காண உரிமை உள்ளவர்கள்.

தவணைப் பரீட்சை வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் கேட்பது ஒன்றுதான். பெயரிடும் வினாவோடு கூட, பிள்ளை ஆய்வுகூடத்தில் தானே வரைந்த வெங்காயத் தோலின் படத்துக்கும் புள்ளி கொடுங்கள். கண்ணில் தெரியாததை வரைந்தால் புள்ளியைக் குறையுங்கள். அப்படி ஒரு வழக்கம் வந்தால் ரியூசனிலும் நுணுக்குக்காட்டி வாங்குவார்கள் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

கடைசியாக ஆசிரியர் அவர்களே, உங்களிடம். கல்விப் பக்கத்தில் மாதத்துக்கு ஒரு மாதிரி வினாத்தாளை நிறுத்தி, அந்த இடத்தில் வீட்டிலும் வகுப்பிலும் செய்து பார்க்கக்கூடிய ஒரு பரிசோதனையைப் போடுங்கள். தாவரக் கலத்தின் படம் அடுத்த முறை வரும்போது, பக்கத்தில் உண்மையான வெங்காயத் தோலின் ஒளிப்படம் ஒன்றையும் வையுங்கள். எங்கள் ஊர்ப் பாடசாலை ஒன்றின் பிள்ளைகளே எடுத்த படமாக அது இருந்தால் நல்லது. எத்தனை மடங்கு பெருப்பித்தது என்பதையும் படத்தின் கீழே மறக்காமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
உரும்பிராய்.